பதிவு எண் 2317

அகஸ்டினாவுக்கு நாள் என்பது காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது அலுவலகம்.

2006. மூலக்குளத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புது மனைப்பிரிவு. தார் போட்டார்கள், மஞ்சள் கல் நட்டார்கள், வீடு ஒன்றுகூட வரவில்லை. விடியற்காலையில் அந்தச் சாலை முழுக்க அவளுக்கே. ஸ்கூட்டியில் மெதுவாக ஒரு சுற்று. பிறகு ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து பிளாஸ்க் காபி. ஏவ ஆள் இல்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தொரு வயதில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்த முக்கால் மணி நேரம்தான்.

அலுவலகம் ஒரு கூட்டுறவு சங்கத்தினுடையது. வரும் கடிதத்தைப் பிரிக்க வேண்டும், சீல் குத்தி எண் போட வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே. ஐந்து நிமிடம் தாமதமானால் சூப்பிரண்டு சக்கரபாணி அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுப்பார். அவள் இருப்பது அவருக்குத் தெரிவது அன்று மட்டும்தான்.

காலை ஆறு மணிக்குமேல் அதே சாலையில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியில் தொடங்கி பதினோரு பேர் ஆகிவிட்டார்கள்.

“ஹேண்டில பாக்காதடி, தூரத்தப் பாரு! பயந்தா முறுக்காத, கைய உடு!”

அலுவலகத்தில் யாரும் கேட்டிராத அந்தக் குரல் இங்கே கடைசிக் கல் வரை போனது.

ஆனால் ஆறு மணிக்கு எத்தனை பெண்களால் வர முடியும்? அடுப்பு, டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன் எல்லாம் முடித்து மூச்சு விடும்போது பத்தாகிவிடும். நர்சிங் ஹோமில் இரவு வேலை பார்க்கும் ஜெயத்துக்கும் அப்போதுதான் முடியும்.

“பத்து மணிக்குச் சொல்லிக் குடுங்கக்கா,” என்றாள் ஜெயம்.

“அந்நேரம் சீல் குத்திகிட்டு இருப்பேன்டி.”

“அத வேற யாருமே குத்த மாட்டாங்களா?”

பத்தொன்பது வருடத்தில் அகஸ்டினா தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அன்றே ராஜினாமா எழுதினாள்.

சக்கரபாணி படித்துவிட்டுச் சிரித்தார். “பர்மனன்ட் வேலம்மா! இத உட்டுட்டு ஸ்கூட்டி பின்னாடி ஓடப் போறியா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவுருதான் சார் பேனாவே எடுத்துக் குடுத்தாரு.”

“போயி வேலயப் பாரும்மா.” கடிதம் அவர் மேசை இழுப்பறைக்குள் போனது. அடுத்த மாதம் இன்னொன்று கொடுத்தாள். அதுவும் அங்கேதான் போனது. பதிவேட்டுக்குப் புது ஆள் தேடுகிற தொல்லை அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவதை அவள் அவர் கையில் கொடுக்கவில்லை. காலைத் தபாலோடு சேர்த்தாள். சீல் குத்தினாள். 2317 என்று எண் போட்டாள். பதிவேட்டில் ஏற்றி, மற்ற கடிதங்களோடு சக்கரபாணியின் மேசைக்கு அனுப்பினாள். எண் விழுந்த கடிதத்துக்கு ஏழு நாளில் பதில் போக வேண்டும். போகாவிட்டால் பதில் போட வேண்டியவர் செயலாளருக்கு விளக்கம் எழுத வேண்டும். முன்பு ஒரு கடிதம் தொலைந்தபோது சக்கரபாணியே போட்ட உத்தரவு அது. சுவரில் ஒட்டியிருந்தது.

“என்னாம்மா இது?”

“தபால் சார்.”

“இத எதுக்கு ரிஜிஸ்டர்ல ஏத்துன?”

“வந்த தபால ஏத்தலன்னா நீங்கதான சார் மெமோ குடுப்பீங்க?”

யாரும் தலை தூக்கவில்லை. ஆனால் அறை முழுக்க வேலை நின்றுபோனது. சக்கரபாணி சுவரைப் பார்த்தார். உத்தரவின் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. ஆறாம் நாள் அவள் ராஜினாமாவை ஏற்று இன்னொரு கையெழுத்தும் போட்டார்.

நோட்டீஸ் மாதம் முடிந்த திங்கட்கிழமை, அகஸ்டினா விடியற்காலையில் மூன்று சுற்று போனாள். இரண்டாவது காபியும் குடித்தாள். கைக்கடிகாரம் வீட்டில் கிடந்தது. வெயில் ஏறியபிறகு ஜெயம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“பத்தே கால் ஆயிடுச்சிக்கா. லேட்டு.”

“செவப்பு இங்க் வச்சிருக்கறவரு இங்க இல்லடி. நீ ஏறு.”