குழாய்க்கு மேல் இருந்த நிலம்

எல்லோரும் அவளைப் "புழுக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பதினாறு வருடமாக மண்புழு உரம் தயாரித்து விற்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவளே கேட்பாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எட்டுத் தொட்டிகள். அதைத் தாண்டி ஒன்றரை ஏக்கர் நிலம். பாதியில் கீரை, பாதியில் மக்காச்சோளம். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். கூட இருப்பவள் நாத்தனார்.

"எங்க அண்ணனுக்குக்கூட நீங்க இவ்வளவு பாத்துப் பாத்து சாப்பாடு போட்டதில்ல" என்பாள் நாத்தனார், தொட்டிகளுக்குச் சாணம் கரைக்கும்போதெல்லாம்.

நிலத்துக்குக் குறுக்கே, பூமிக்கடியில், டீசல் கொண்டுபோகும் குழாய் ஒன்று ஓடியது. வரப்பில் மஞ்சள் அடித்த இரண்டு கம்பங்கள் நின்றதால்தான் அது இருப்பதே தெரியும்.

ஒருநாள் காலை கீரை பறிக்கப் போன நாத்தனார் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அண்ணி, உங்க புழுவெல்லாம் வெளிய ஓடிருச்சு."

தொட்டிகள் மூடியபடியே இருந்தன. இருவரும் நிலத்துக்குப் போனார்கள். வரப்பு முழுக்கப் புழுக்கள். கால் வைக்க இடமில்லை. தொட்டியில் வளரும் மெல்லிய சிவப்புப் புழுக்கள் அல்ல இவை. விரல் தடிமனில், ஆழத்திலேயே வாழ்ந்து பகல் வெளிச்சத்தையே பார்க்காதவை. இரண்டு வாரமாக மழையும் இல்லை. அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது அசையவில்லை. விரலை முகர்ந்தாள். டீசல்.

மண்வெட்டியை எடுத்து ஒரு கை ஆழம் தோண்டினாள். ஊறி வந்த தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மிதந்தது. 

கம்பத்தில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். "எங்க மீட்டர்ல எல்லாம் சரியாத்தாம்மா காட்டுது" என்றது மறுமுனை.

"மீட்டர் சரியா இருக்கட்டும் சார். இங்க புழு செத்துக் கிடக்குது, வந்து பாருங்க."

மத்தியானத்துக்குள் இன்ஜினீயர் ஒருவர் ஆட்களோடு வந்தார். தோண்டிப் பார்த்தபோது குழாயைப் பற்றவைத்த இணைப்பில் நூல் போல ஒரு விரிசல். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது இன்னைக்கு ஆனதில்லம்மா. எட்டு ஒம்பது மாசமா கசிஞ்சிருக்கும். இப்பத்தான் இங்க வரைக்கும் பரவியிருக்கு."

அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். ஒன்பது மாதமும் தினம் கீரை பறித்திருக்கிறாள். பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"நாமளும் தின்னோமே அண்ணி" என்றாள் நாத்தனார். "கீரை ஒரு மாதிரி வாடை அடிக்குதுன்னு நான் சொன்னேன்ல?"

சொல்லியிருந்தாள், இரண்டு முறை. உன் மூக்குக்குத்தான் எல்லாமே நாறும் என்று இவள் சிரித்து ஒதுக்கியிருந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தே போய் நடந்ததைச் சொன்னாள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். இன்னொரு வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றவள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழாயின் விரிசலை அடைத்து, அதை ஒட்டிய மண்ணை லாரியில் அள்ளிப் போனார்கள். மீதி நிலம் மூன்று மாதத்தில் தேறிவிடும் என்றார்கள். மூன்று மாதம் கழித்து, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கீரைப் பாத்தியிலும் சேர்த்து மக்காச்சோளம் விதைத்தாள். பாதிதான் முளைத்தது. முளைத்தவையும் முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றுவிட்டன. ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் முத்து முத்தாக உருண்டது. ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் கீழே போக மறுத்துப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

அதையும் ஒரு பை மண்ணையும் எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

"மண்ணுல உயிரே இல்லையா மேடம்?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க நிறைய இருக்கு" என்றார் அங்கிருந்த அம்மாள். "அதுங்க எண்ணெயத் தின்னு பெருகுது. பெருகுறதுக்கு மண்ணுல இருக்குற தழைச்சத்தையும் எடுத்துக்குது, பயிருக்கு மிச்சமில்ல. எண்ணெய் அடைச்சிருக்கிறதால வேருக்குக் காத்தும் போகல. உழுது, உரம் போட்டு, ஈரமா வச்சிருங்க. ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வாயில வைக்கிற எதையும் போடாதீங்க."

விற்பனையை நிறுத்திவிட்டு, தொட்டிகளில் விளைந்த உரத்தையெல்லாம் நிலத்திலேயே கொட்டினாள். மாதம் ஒருமுறை நிலத்து மண்ணை ஒரு சட்டியில் நிரப்பிப் பத்துப் புழுக்களை விடுவாள். காலையில் பத்தும் மண்ணுக்குள் போகாமல் விளிம்பில் ஏறிக் கிடக்கும். இரண்டாவது வருடக் கடைசியில் ஒருநாள் விளிம்பு காலியாக இருந்தது. செத்துவிட்டன என்று நினைத்துச் சட்டியைக் கவிழ்த்தாள். பத்தும் அடியில் ஈரத்தில் சுருண்டு கிடந்தன, தொட்டதும் நெளிந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அந்த மண்ணிலேயே விட்டாள்.

கொட்டகையை ஒட்டிய கால் ஏக்கரில் கீரை போடலாம் என்று பரிசோதனை நிலையத்தில் சொன்னார்கள். போட்டாள். பழைய வீடுகளில் நான்கு மட்டும் மறுபடி வாங்குகின்றன. குழாய்ப் பக்கம் இன்னும் கோரைப்புல்தான். அங்கே ஒரு கை ஆழம் தோண்டினால் வாடை இப்போதும் முகத்தில் அடிக்கிறது.