புளி ஜாடியில் இருந்த புலி

என் தங்கை தமிழில் எழுதுவதை விட்டதற்குக் காரணம் நான்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று.

மாட்டுங்காவில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும். அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். தங்கையின் முறை வந்தபோது மனம் மாறி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார். அவள் தமிழ் எழுத்தைக் கற்றது அம்மாவின் டப்பாக்களில். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டுவது அவள் வேலை. புளி ஜாடியில் ‘புலி’ என்று எழுதி ஒட்டினாள்.

அம்மா பார்த்தாள். “மூடியை நன்னா அழுத்தி மூடுடி, வெளியில வந்துடப் போறது.”

வந்தேவிட்டது. மறுநாள் தங்கையின் நோட்டில் ஒரு புலி ஜாடியிலிருந்து தலையை நீட்டியது. நாங்கள் பள்ளிக்கும் அப்பா ஆபீசுக்கும் போன பிறகு வெளியே வந்து சமைக்குமாம். முதல் படத்தில் நான்கு காலில் நின்றது. கரண்டி பிடிக்க முடியவில்லை. அடுத்ததில் பின்னங்கால்களில் எழுந்து நின்றது, இடுப்பில் அப்பாவின் பழைய துண்டு. ஸ்டவ்வில் மீசை பொசுங்கியதால் அதைப் பின்னுக்கு இழுத்து ரிப்பனால் முடிந்தாள். “ரெண்டு கையும் தோசை வார்த்துண்டிருந்தா, குழம்பை எதால கிண்டும்?” என்று என்னிடம் கேட்டாள். வால்தான் இருக்கிறதே என்றேன். அதற்காக என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். தமிழ்ப் பத்திரிகையை நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். “பையன் உச்சரிப்பு ஜோர்!” என்றார். எனக்கு இன்னும் கொஞ்சம் பாராட்டு வேண்டியிருந்தது. தங்கையின் நோட்டை எடுத்து வந்தேன். சிவப்புப் பென்சிலால் தப்புகளை வட்டமிட்டு, வாத்தியார் குரலில் படித்தேன்: “‘என் வாளால் குலம்பு கிண்டுகிறேன்.’”

“வாளெடுத்துக் குழம்பு கிண்டற புலியா? பலே! இது அடுக்களையா, போர்க்களமா?” பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், அம்மா உட்பட.

தங்கை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் அழுதாள். எங்களைச் சிரிக்க வைக்கத்தானே வரைந்தாள், சிரித்ததற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஜாடியில் ‘இம்லி’ என்று இந்தி எழுத்தில் புதுச் சீட்டு இருந்தது. அதன் பிறகு அவள் தமிழில் ஓர் எழுத்தும் எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பின் எனக்கு வந்த கடிதங்கள்கூட ஆங்கிலத்தில்தான்.

இந்த ஆண்டு, எழுபத்தைந்து வயதில், ஒரு நோட்டும் கலர் பென்சில்களும் வாங்கிக்கொண்டு நெருளில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அரே, அதையா இன்னும் தூக்கிண்டு அலையறே? புளின்னு எழுத அம்மா அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டா அண்ணா. ஆனா புளி எப்படி எழுந்து நின்னு தோசை வார்க்கும்?” கலர் பென்சில் பெட்டியைத் திறந்துகொண்டே, “வாலை வாள்னு எழுதினதுதான் நிஜமாவே தெரியாம. நீ குடுத்த ஐடியாவாச்சேன்னு ஆசையா எழுதினேன்,” என்றாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். அவள் வரைகிறாள். புலிக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துதான் சமைக்கிறது. அது பேசுவதை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். “எழுத்து உன் டிபார்ட்மென்ட்,” என்பாள்.

போன வாரம், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது என் பையின் அடியில்தான் இருந்தது. அவள் முனகிக்கொண்டே பென்சிலை எடுத்தாள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நீயே படி என்றேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

“‘பயப்படாம உக்காருங்கோ. நான் யாரையும் கடிக்க மாட்டேன்.’”