ஸ்டீயரிங் ஆடுதுன்னு அவ சொன்னா

டயாலிசிஸுக்கு இனிமே வரமாட்டேன்னு என் பொஞ்சாதி சொன்னப்போ, அவ காட்டின காரணம் எங்க பழைய கார்தான். "வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போவுதுய்யா. பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள கொடலே வாய்க்கு வந்துடுது. நான் வரல."

வாரத்துக்கு ரெண்டு தபா போயே ஆவணும். நிறுத்தினா இன்னா ஆவும்னு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு. அப்போ இந்த ஸ்டீயரிங்கைச் சரி பண்ணா அவ பொழைச்சுக்குவா. என் மண்டையில அது ஒண்ணுதான் ஓடிச்சு.

வண்டி ஆடுறது எனக்குத் தெரியாம இல்ல. உப்புத்தண்ணி ஏரியில படகு ஓட்டிப் பழகின கை இது. சுக்கானைத் திருப்பினா படகு கொஞ்சம் யோசிச்சுட்டுத்தானே திரும்பும்? காரும் அப்படித்தான்னு விட்டுட்டேன். "கார் இன்னா படகாய்யா?"ன்னு அவதான் ஒவ்வொரு தபாவும் கத்துவா.

ஒரு நாள் காலைல வாசல்ல மண்ணு கெட்டியா இருக்குற எடமாப் பார்த்து நிறுத்தினேன். அவளை டிரைவர் சீட்டுல உக்கார வெச்சு, "ரெண்டு பக்கமும் மெதுவாத் திருப்பும்மே"ன்னுட்டு, கோணியை விரிச்சு அடியில படுத்தேன். மேல ஸ்டீயரிங்கை அவ திருப்புறது கேக்குது, சக்கரம் அசையவே இல்ல. இன்னும் கொஞ்சம் திருப்பினாதான் டொக்குனு ஒரு சத்தம், அப்புறம் நவுருது. சக்கரத்தைத் தள்ளுற கம்பி இருக்கு பாருங்க, அதோட முனையில ஒரு குண்டு, குழிக்குள்ள சுத்தும். அது தேஞ்சு லொடலொடன்னு ஆடுது. அதை மூடியிருந்த ரப்பர் உப்பிக் கிழிஞ்சு, தொட்டா கையோட வருது. உள்ள பூரா உப்பும் மணலும்.

காரணம் யாரு? சாட்சாத் நானேதான். உப்புக் காத்துல துரு பிடிக்கக் கூடாதுன்னு, படகுக்குப் பூசுற மீன் எண்ணெயை வண்டி அடியிலயும் வழிய வழியப் பூசி வெச்சிருந்தேன். எங்க நைனா காலத்துலேர்ந்து மரப்படகுக்கு அதானே மருந்து. ரப்பருக்கு அது எமன்னு எவன் கண்டான்? பொன்னேரி மெக்கானிக் குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, "இன்னாண்ணா, வண்டிய வறுவல் போட்டியா?"ன்னு சிரிச்சான். எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. "வாய மூடிக்கினு மாத்துடா"ன்னேன்.

ரெண்டு பக்கமும் முனையைப் புதுசா மாத்தி, சக்கரத்தை நேர் பிடிச்சுக் குடுத்தான். அடேங்கப்பா! ஒத்தை விரலால தொட்டா போதும், திரும்புது. வர்ற வழியெல்லாம் கிறுக்கன் மாதிரி தனியாப் பாடிக்கினே வந்தேன்.

அடுத்த டயாலிசிஸுக்கு அவளே வந்து ஏறினா. ஊரைத் தாண்டினதும் நான் பீத்திக்கினேன். "பாத்தியா? கோடு கிழிச்ச மாதிரி போவுது."

"ஆமாய்யா, நல்லாத்தான் போவுது"ன்னா. கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினா. "இனிமே வண்டி மேல பழி போட முடியாது. அதனால உள்ளதைச் சொல்லிடுறேன். என்னால முடியலய்யா. அந்த ஊசி, அந்த மெஷினு, வீட்டுக்கு வந்து மறுநாள் வரைக்கும் எழுந்திருக்க முடியாமக் கெடக்குறது. போதும். நீ ஆசை ஆசையா இதை ரிப்பேர் பண்ணப்போ சொல்ல வாய் வரல. வண்டியத் திருப்பு."

ஓரங்கட்டி நிறுத்திட்டுத் திட்டினேன். வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். நம்ம பொண்ணு மொகத்துக்காகவாவது வாடின்னேன். அப்புறம் ரோடுன்னும் பார்க்காம ஓன்னு அழுதேன்.  நான் ஓய்ஞ்சதும், அவ ஊசி குத்திக் குத்திக் கன்னிப்போன கையை என் கை மேல வெச்சு, "திருப்புய்யா"ன்னா.

திருப்பினேன். கொஞ்சம்கூட ஆடாம, சொன்ன பேச்சு கேட்டு, ஊரைப் பார்த்துத் திரும்பிடுச்சு. பாழாப்போன வண்டி, அன்னிக்கு ஒரு நாளாவது என் பேச்சைக் கேக்காம நேரா பொன்னேரிக்குப் போயிருக்கக் கூடாதா?