வெர்னெல் எறிந்த உறை

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஆல்டன்வேல் ஊரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், மனுக்களை வாங்கிப் பதிவு செய்யும் மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள் வெர்னெல் டிப்ஸ். நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள். அவள் நாற்காலி மட்டும் நகரவில்லை. படு கறார். நேரம் தப்பி ஓடி வரும் வக்கீலை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். கோட்டுக்குள்ளே அவருக்கு வியர்த்துவிடும்.

கைதிகளின் மனு என்றால் மட்டும் அந்தக் கறார் வேறு பக்கம் திரும்பும். சட்டப்படி, கைதி சிறையின் தபால் அறையில் கொடுத்த நாள்தான் தாக்கல் செய்த நாள். நீதிமன்றத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பது கணக்கில்லை. அந்த நாளுக்குச் சாட்சி, உறையின் பின்பக்கம் சிறையில் குத்தும் முத்திரை. அதனால் உறையையும் ஸ்கேன் செய்து மனுவோடு சேர்த்தே வைப்பாள்.

"மனு தொலைஞ்சா மறுபடி எழுதிடுவான். கவர் தொலைஞ்சா தேதிக்கு எங்க போவான்?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உலுக்கி எடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் மார்ச்சில் ஒரு நாள் ஓர் உறையைக் குப்பையில் போட்டாள். அவளுடைய காபியே கொட்டி அது ஊறிப்போயிருந்தது. உள்ளேயிருந்த மனு நனையவில்லை. ஈர உறை ஸ்கேன் இயந்திரத்தைக் கெடுக்கும் என்று எறிந்தாள்; எறிந்ததை மறந்தும் போனாள்.

ஆகஸ்டில் நீதிபதியின் உத்தரவு ஒன்று பதிவுக்கு வந்தது. டெல்ரே ஹூக்ஸ் என்ற கைதியின் மனு தள்ளுபடி. தண்டனையை எதிர்த்து மனுப் போட ஒரு வருடம்தான் கெடு. இது இரண்டு நாள் பிந்தி வந்திருக்கிறது. கெடுவுக்குள்ளேயே சிறையில் கொடுத்துவிட்டேன் என்கிறான் அவன். ஆனால் கோப்பில் உறை இல்லை.

பென்சிலில் எழுதிய நாற்பது பக்கங்களும் காபியில் ஊறிய அந்த உறையும் சட்டென்று அவள் கண்ணில் வந்து நின்றன. முப்பது வருடத் தண்டனை. நான் செய்யவில்லை என்கிறான். மெய்யோ பொய்யோ, இனி ஒருவரும் படிக்கப் போவதில்லை.

பக்கத்து மேசை ஆர்வில் ஸ்டாம் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் பதினாலு மாசத்துல ரிட்டையர் ஆகப் போற. வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. அவன் என்ன சர்ச்சுல பாட்டுப் பாடிட்டா உள்ள போனான்?"

"அவன் யாரா வேணா இருந்துட்டுப் போறான். நாள் தப்பினது அவனா நானா? அதச் சொல்லு."

ஆர்வில் கணினித் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வெர்னெல் மாடியேறி, நீதிபதிக்கு உதவியாக இருக்கும் இளம் வக்கீல் கொரின் ஆஷ்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கொரின் திட்டவில்லை. அதுவே வெர்னெலுக்கு இன்னும் வலித்தது.

"நடந்ததச் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்துடுங்க, மிஸ் வெர்னெல். நீதிபதி சிறையோட தபால் பதிவேட்டக் கேட்டு வாங்கலாம். வழக்க மறுபடி திறக்க வழி இருக்கு."

கொரினே தட்டச்சு செய்து நீட்டினாள். வெர்னெல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது: 'என் பணிக்காலத்தில் இப்படி நடந்தது இந்த ஒரே முறைதான்.'

"அது உங்க நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றாள் கொரின்.

கூரை ஒழுகிய வருடம் வெர்னெலின் நினைவுக்கு வந்தது. சிறைகளிலிருந்து வந்த தபால் கூடை முழுக்கத் தண்ணீர். கூழாகிப்போன உறைகளை இரண்டு கையாலும் அள்ளித்தான் கொட்டினாள். யார் யாருடையவை என்று அன்றைக்கு அவள் பார்க்கவேயில்லை.

அந்த வரியின் மேல் கோடு கிழித்தாள்.

கோடு கிழித்த வரியையே கொரின் பார்த்தாள். "அப்போ எத்தனை தடவைன்னு போடட்டும்?"

"தெரியலைன்னு போடும்மா" என்றாள் வெர்னெல். "எனக்குத் தெரியல."