கார்டுப் பெயரும் வீட்டுப் பெயரும்

அன்று கரண்ட் வந்தபோது மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. ரங்கூனின் பபேடான் பகுதியில் எங்கள் கைலிக் கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் லாத்தாவுக்குப் போன் செய்தேன். லாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படிக்க, பரிமாற்ற மாணவியாக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் இணையத்தில் படிவம் போய்ச் சேர வேண்டும். தாமுவேயில் எங்கள் வீட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவளோ பரீட்சைக் கூடத்தின் வாசலில் நின்றாள். "மத்ததெல்லாம் ஏத்தி வச்சுட்டேன்டி. மொத பக்கம் மட்டுந்தான் பாக்கி. பேரு, ஊரு, பொறந்த தேதி. போட்டு அனுப்பிரு, மணியடிச்சுட்டாங்க" என்றாள். பெயர் எழுதுவதில் ஒருத்தி தப்புச் செய்வாள் என்று யார்தான் நினைப்பார்கள்?

ரங்கூனில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பெயர் உண்டு. அடையாள கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் பர்மியப் பெயர். வீட்டில், பிறந்தபோது காதில் ஓதி வைத்த பெயர். கார்டில் அவள் கின் தந்தா, வீட்டில் ஜைனப். பர்மியர்களுக்குத் தலைமுறையாகத் தொடர்ந்து வரும் பெயர் கிடையாது என்பதால் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. படிவத்தின் முதல் கட்டத்தில் 'ஃபேமிலி நேம்' என்றிருந்தது. அடுத்ததில் 'கிவன் நேம்'. கல்லாவில் இருந்த வாப்பாவிடம் கேட்டேன். "குடும்பத்துல கூப்புடுற பேரு, வேற என்ன?" என்றார் அவர், கைலியை மடித்தபடியே. சரிதானே என்று ஜைனப் என்று போட்டேன். கிவன் என்றால் கொடுத்தது. சர்க்கார் கொடுத்தது கின் தந்தா. இரண்டு கட்டமும் அச்சாகப் பொருந்திவிட்டன. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன்.

உம்மா இறந்தபோது லாத்தாவுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து அடுப்பு, கடை, வாப்பாவின் சர்க்கரை மாத்திரை, என் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் தலையில். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது பிரெஞ்சு ஒன்றுதான். மீன் கழுவிக்கொண்டே வினைச்சொற்களை முணுமுணுப்பாள். பழைய துணி விற்கும் ஒருவரிடம் கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி வந்து, வெயில் கொளுத்தும் சித்திரையில் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். "பழகிக்கிறேன்டி, அங்க போயி கோட்டுப் போடத் தெரியாம முழிக்கக் கூடாதுல்ல?" வேர்வை வழிய அவள் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜூலைக் கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது, கின் தந்தா ஜைனப் என்ற பெயருக்கு. அப்படி ஒருத்திக்கு உலகத்தில் பாஸ்போர்ட் இல்லை. லாத்தா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "சின்ன விஷயந்தான், எழுதிக் கேட்டா மாத்திருவாங்க" என்று அன்றே எழுதினாள். அலுவலகம் விடுமுறை, செப்டம்பரில் பார்க்கிறோம் என்று தானாக ஒரு பதில் வந்தது. ஆகஸ்டு மாதம் பிரான்சே விடுமுறையில் போய்விடும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வார்டு அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு விசா கவுண்ட்டருக்குப் போனோம். கடிதமும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை, திருத்திய கடிதம் வேண்டும் என்று தாள்களைத் திருப்பித் தள்ளினார்கள். திரும்பும் பஸ்ஸில் கூட்டத்தில் இடிபட்டபடி நின்றோம். நான் அழுதேன். அவள் அழவில்லை. இலக்கணம் சொல்லித் தருகிறவள் குரலில், "ஃபேமிலி நேம்னா அது இல்லடி" என்றாள். அவ்வளவுதான்.

பாடம் தொடங்கிப் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறோம், இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டோம், அடுத்த ஆண்டு முயலுங்கள். அடுத்த ஆண்டு எங்கள் ஊருக்கு அந்தத் திட்டமே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்த இந்த ஊரில் எது மிஞ்சியது, நான் சொல்ல. வாப்பாவிடம் அவர்களே ரத்து செய்துவிட்டார்கள் என்று லாத்தா சொல்லிவிட்டாள். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் அவர், "எம் மவள பிரான்ஸ்காரன் ஏமாத்திட்டான்" என்கிறார். லாத்தா தலை நிமிராமல் கைலி அளந்துகொண்டிருப்பாள். ஒரே ஒரு நாள் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால், கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால், நான் பிழைத்திருப்பேன். ஒருமுறை, பிரெஞ்சு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மறந்துபோச்சு" என்றாள். மறக்கவில்லை. தூக்கத்தில் அவள் பேசுவது தமிழுமில்லை, பர்மியமுமில்லை.

லாத்தாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. பினாங்கில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறதென்று ஏஜெண்ட் ஒருவர் சொல்லியிருக்கிறார். சம்மதம் என்று என்னிடம் கேட்காமலே சொல்லிவிட்டாள். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு இப்போதெல்லாம் சிறு எழுத்துத் தெரிவதில்லை. உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு, பழக்க தோஷத்தில் அருகே குனிந்து, "நா எழுதித் தரவா லாத்தா?" என்று கேட்டுவிட்டேன். அவள் இடது கை தானாக நகர்ந்து முதல் வரியை மூடியது.

"வேணாம்டி. நீ போயி டீ போடு."

குரலில் துளிக் கோபம் இல்லை. நான் போய் டீ போட்டேன்.