முகத்தைப் பதிவு செய்யவா?

எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில், மாத்திரை அட்டை, மிக்ஸியோடு வரும் மடித்த காகிதம், பெரியம்மாவுக்கு வந்த பேங்க் கடிதம். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தேன். நான் படித்துப் புரியாதது எதுவும் இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன், கேமரா வாங்கும்வரை.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் பாரிசுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கேமரா அது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் ஏங்கும் ரகம். மெனு முழுக்க பிரெஞ்சில் இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றினேன். இரண்டிலும் ஒரே அளவுதான் புரிந்தது.

அதிலும் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதே, அதற்கு மட்டும் பக்கம் பக்கமாக அமைப்புகள். 'டிராக்கிங் சென்சிடிவிட்டி' என்று ஒன்று. கையேட்டைப் புரட்டினால், 'டிராக்கிங்கின் சென்சிடிவிட்டியை அமைக்கிறது' என்று இருந்தது. கூட்டி வைத்தால் என்ன ஆகும்? 'சூழலுக்கு ஏற்ப அமைக்கவும்.' எந்தச் சூழல் என்று தெரிந்தால் நான் ஏன் கையேட்டைத் திறக்கப்போகிறேன்? உப்பைத் தேவைக்கேற்பப் போடவும் என்று எழுதிவிட்டு, எதில் போடுவது என்பதை மறைத்துவிட்ட சமையல் குறிப்பு அது.

நான் விடவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அம்மாவைப் படம் எடுத்தேன். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் அம்மா அசையமாட்டாள். சோதனைக்கு ஏற்ற ஆள். ஒருமுறை திரையில் 'முகத்தைப் பதிவு செய்யவா?' என்று கேட்டது. பதிவு செய்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் தேடினேன். 'முகத்தைப் பதிவு செய்கிறது.' சரி, செய்துகொள் என்று அழுத்தினேன்.

பெரியம்மா மகளுக்கு, எனக்கு அக்கா முறை, கல்யாணம் வந்தது. பேசி வைத்திருந்த ஸ்டூடியோக்காரரைப் பெரியம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"வூட்லயே படிச்ச பொண்ணு இருக்கறப்ப வெளியாளு எதுக்கு? ஆனா தாலி கட்றது மட்டும் நல்லா வந்துடணும்டி. மத்ததெல்லாம் எப்டி வந்தாலும் போவுது."

நான் தனியாக எடுக்கும் முதல் கல்யாணம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

உழவர்கரை மண்டபத்தில், மேடையில் மணமக்கள் வந்து உட்கார்ந்ததும் சில படங்கள் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா மங்கலாக இருந்தாள். மாப்பிள்ளை அதைவிட மங்கல். அவர்களுக்குப் பின்னால் நின்ற அம்மா மட்டும் மூக்குத்திக் கல் வரை பளிச்சென்று இருந்தாள். மறுபடி எடுத்தேன். அக்கா முகத்தில் வைத்த ஃபோகஸ் கட்டம், அம்மா தலையைக் கொஞ்சம் நீட்டியதும் தாவிப் போய் அவள் முகத்தில் உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது. அத்தனை கூட்டத்தில் அந்தக் கேமராவுக்குத் தெரிந்த ஒரே ஆள் அம்மா.

அதை எங்கே நிறுத்துவது? ஃபோகஸ் மெனுவில் இல்லை. கையாலேயே ஃபோகஸ் செய்துவிடலாம் என்று லென்ஸில் இருந்த சுவிட்சைத் தள்ளினேன். அந்தச் சுவிட்சை மதிக்கத் தேவையில்லை என்று சொல்லும் அமைப்பும் எங்கோ இருந்திருக்க வேண்டும், கேமரா மதிக்கவில்லை. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் கீழ எறங்கி நில்லு."

"எதுக்கு?"

"நீ அங்க இருந்தா அக்கா மூஞ்சி வரமாட்டுது."

"நான் எங்கடி மறைக்கறேன்? பின்னாலதான நிக்கறேன்."

"மறைக்கல. கேமரா உன்னையே பாக்குது."

மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பாக்கட்டும். பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்தா பாக்கத்தான் செய்யும்."

"எறங்கேன்டி," என்றாள் பெரியம்மா. "எம் பொண்ணு கல்யாணமா, உங் கல்யாணமா?"

"சித்திக்காரி நான் நிக்காம வேற யாரு நிப்பா? எறங்கமாட்டேன்."

குனிந்த தலை நிமிராமல் அக்கா சொன்னாள்: "சித்தி, நீ அங்கியே நில்லு. மூஞ்சிய மட்டும் மறைச்சிக்கோ."

அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். மஞ்சள் அரிசியை எல்லோருக்கும் கொடுத்து முடித்த தாம்பாளம் கையில் காலியாக இருந்தது. அதைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கட்டம் அங்கும் இங்கும் தடுமாறி, வேறு வழியில்லாமல் அக்கா முகத்தில் வந்து உட்கார்ந்தது. கெட்டிமேளம் கொட்டியது. பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை நான்.

"முடிஞ்சிதா?" தாம்பாளத்துக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"இன்னொரு முடிச்சு இருக்குது. அப்டியே இரு."

"நானும் பாக்கணும்டி."

"படத்துல பாத்துக்கலாம், இரு."

அந்த அமைப்பைப் பிறகு கண்டுபிடித்தேன். தேதியும் மொழியும் மாற்றும் பக்கத்துக்கு அடியில் இருந்தது. கையேட்டின் விளக்கம்: 'பதிவு செய்த முகத்துக்கு முன்னுரிமை தர வேண்டுமா என்பதை அமைக்கிறது.' அந்தக் கையேட்டில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே வரி அதுதான்.

தாலி கட்டும் படத்தைப் பெரியம்மா பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அக்காவின் இமை முடியை எண்ணலாம். பின்னால் ஒரு பட்டுப்புடவை நிற்கிறது, தலை இருக்க வேண்டிய இடத்தில் தாம்பாளம். மாட்டிய அன்று அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்று, மூன்றாவது முடிச்சு யார் போட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அது யார் என்று கேட்கிறார்கள்.

"நான்தான்," என்பாள் அம்மா. "நான் மூஞ்சிய காட்டினா அந்தக் கேமரா வேற யாரயும் எடுக்காது."

பெரியம்மா இதுவரை அதை மறுத்ததில்லை.