மாலைக்கண்

மாலைக்கண் என்ற சொல்லை எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வசவாகத்தான் பழகினோம். எதிரே வரும் சொந்தக்காரரைக் கண்டும் காணாமல் போனால், "ஏண்டா, மாலைக்கண்ணா உனக்கு?" என்பாள் அம்மா. போன வருஷம் எனக்கு நிஜமாகவே அது வந்துவிட்டது. கிளினிக்கில் மலாய் டாக்டர் "ரபுன் ஆயாம்" என்றார். பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாதாம், அதனால் அவர்கள் பாஷையில் கோழிப் பார்வை. ஐம்பது வயதில் நான் கோழி! இருட்டில் வண்டி ஓட்டாதே என்றும் சொன்னார். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஓட்டியது ஃபேக்டரி வேன். ஏழு மணிக்கு வேலை முடிந்ததும் லகாட் பக்கத்திலிருந்து ஒன்பது பெண்களைப் புந்தோங்கில் கொண்டுபோய் விட வேண்டும். வழியில் பழைய ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. விளக்கு வெளிச்சத்தைத் தாண்டினால் எனக்கு எல்லாமே கறுப்பு. முன் சீட்டுப் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணே, மாடு", "அண்ணே, வளைவு" என்று சொல்லிக்கொண்டே வரும். பேச்சுத் துணைக்கென்று நினைத்தேன், மடையன்.

அன்று மழை விட்டிருந்தது.

"அண்ணே, ஓரமா ஒரு ஆள் நிக்கிறாரு."

பிரேக்கை மிதித்தேன். "பார்த்துட்டேன்லா. வெள்ளைச் சட்டை. கடந்து போகட்டும்."

பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது.

"போயிட்டாரா?" என்றேன்.

"அங்க யாருமே இல்லண்ணே. ஒரு வாரமா உங்க கண்ணு மேல சந்தேகம், அதான் சும்மா சொல்லிப் பார்த்தேன்." சீட் பெல்ட்டைக் கழற்றியது. "எனக்குப் புள்ளைங்க இருக்கு, அண்ணே."

வெட்கத்தில் காது சுட்டது. அதற்கு மேலே பயம். வெள்ளைச் சட்டை என்று நான் சமாளிக்கச் சொல்லவில்லை. சத்தியமாகப் பார்த்தேன். மாடு தெரியாத இந்தக் கண்ணுக்கு அந்த ஆள் பட்டன் வரைக்கும் தெரிந்தான்.

கதவை இழுத்துத் திறந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"முச்சந்தி வரைக்கும் நடந்துக்கிறோம்ண்ணே. அங்க டாக்சி கிடைக்கும்."

கைபேசி வெளிச்சங்கள் வரிசையாக முன்னே போயின. ஆட்கள் எனக்குத் தெரியவில்லை. கடைசி வெளிச்சத்துக்குப் பின்னால், செம்பனை ஓரத்திலிருந்து இறங்கி, அந்த வெள்ளைச் சட்டை நடக்க ஆரம்பித்தது.

"தங்கச்சி! பின்னால பாரு!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் திரும்பவில்லை. என்னிடமிருந்து தப்பிக்க இன்னும் வேகமாக நடந்தார்கள்.